பதிவேட்டில் ஒரு வரி

பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்களும் வாங்காமலே விட்டவர்களும் பெரும்பாலும் தவறான ஊரில்தான் தேடத் தொடங்குகிறார்கள். கணவன் வீடு சென்னை. வளைகாப்பு முடிந்து பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள், தாய்வீடு மன்னார்குடி. குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அவர்கள் சென்னைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதன்பின் பள்ளி, ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாம் சென்னையில். முப்பது வயதில் வெளிநாட்டு விசாவுக்காகப் பிறப்புச் சான்றிதழ் தேவைப்படும்போது சென்னை மாநகராட்சியின் இணையப் பக்கத்தில் தேடுகிறார்கள். எதுவும் வரவில்லை என்றதும் 'என் பிறப்பே பதிவாகவில்லை' என்று பதறுகிறார்கள். மன்னார்குடி நகராட்சியில் பதிவு பத்திரமாக இருக்கும். பிறப்பு எந்த இடத்தில் நிகழ்ந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவு. பெற்றோரின் வீட்டு முகவரி படிவத்தில் நிரப்பப்படும் ஒரு கட்டம், அவ்வளவுதான்.

இந்தச் சின்னக் குழப்பத்துக்கு அடியில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. கையில் உள்ள தாளைத்தான் நாம் ஆவணம் என்று நினைக்கிறோம். சட்டத்தின் கண்ணில் ஆவணம் என்பது பதிவேடு. சான்றிதழ் அதிலுள்ள ஒரு வரியின் நகல். நகலை எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கலாம், தொலைக்கலாம், மறுபடி வாங்கலாம். வரி இல்லையென்றாலோ, இருந்தும் தவறாக இருந்தாலோதான் சிக்கல். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம் அந்த ஒற்றை வரியின் எடையைப் பல மடங்கு கூட்டிவிட்டது. வரியே இல்லாதவர்களுக்கான வழி அதே அளவுக்கு எளிதாகவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் முறையீடு.

எண்ணுவதற்காகத் தொடங்கிய ஏடு

சென்னைக் கோட்டைக்குள் 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறித்துவைத்த ஏடுகள் உண்டு. அவை திருச்சபை தன் மக்களுக்காக வைத்துக்கொண்டவை. ஊரார் எல்லோருடைய பிறப்பையும் அரசு எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் வர இன்னும் இரு நூற்றாண்டுகள் ஆயின. 1886இல் வந்த அகில இந்தியச் சட்டம் விரும்பியவர்கள் பதிந்துகொள்ளலாம் என்ற அளவில் நின்றது. சென்னை மாகாணத்துக்கென 1899இல் தனிச் சட்டம் வந்தது. கிராமத்தில் கர்ணமும் மணியக்காரரும் நிலக்கணக்கோடு இந்தக் கணக்கையும் எழுதினார்கள்.

குடிமக்களுக்கு அடையாளம் தருவது அந்த நிர்வாகத்தின் நோக்கம் அல்ல. காலராவும் அம்மையும் 1876-78 பஞ்சமும் ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டு போன காலம் அது. எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்ற எண்ணிக்கைதான் சுகாதாரத் துறைக்குத் தேவைப்பட்டது. எண்ணுவதற்குக் குழந்தையின் பெயர் எதற்கு? தேதி, ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், ஊர் போதும். இந்தப் பரம்பரையின் தழும்பு இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்குத் தலைமைப் பதிவாளர் பொது சுகாதாரத் துறையின் இயக்குநர்தான். தாத்தா பாட்டி காலத்துப் பதிவுகளில் பெயருக்கான இடம் வெற்றாகக் கிடப்பதற்கும் வேர் இங்கேதான்.

இப்போதுள்ள அடிப்படைச் சட்டம் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். பெரும்பாலான மாநிலங்களில் 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு அதிலிருந்துதான் கட்டாயமாகவும் நாடு முழுக்க ஒரே முறையாகவும் ஆனது. கிராமங்களில் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தபின் அந்த வேலை கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. எனவே கிராமத்தில் பிறந்த ஒருவர் தன் பழைய பதிவைத் தேடுகிறார் என்றால் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை. கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் விசாரித்துவிட்டு, பத்திரம் பதியும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பழைய கிராமப் பிறப்பு ஏடுகள் காப்புக்காகச் சென்று சேரும் இடம் அதுதான். வீடு, மனை விற்க மட்டுமே அந்த அலுவலகத்துக்குப் போய்ப் பழகிய நமக்கு இது சட்டென்று தோன்றுவதில்லை.

தேடப் போகும்போது கையில் சில விவரங்கள் இருந்தாக வேண்டும். பிறந்த ஆண்டு, மாதம், தகப்பன் தாய் பெயர், எந்த மருத்துவமனை அல்லது எந்தத் தெரு. பழைய ஏடுகள் பெயர் வரிசையில் இல்லை; பதிந்த வரிசையில் இருக்கின்றன. 'எண்பத்து மூன்றோ நான்கோ' என்று சொன்னால் அலுவலர் இரண்டு ஆண்டு ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். கட்டணம் செலுத்தி யாரும் தேடச் சொல்லலாம், நகல் கேட்கலாம் என்று சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. தேடியும் கிடைக்கவில்லை என்றால் 'பதிவு இல்லை' என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பதிவின்மைச் சான்று என்று அதற்கென்றே ஒரு படிவம் உண்டு. வாய்மொழியாக 'இல்லீங்க' என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவது வீண் அலைச்சல். அடுத்த படி முழுவதும் அந்தத் தாளின் மேல்தான் நிற்கிறது.

யார் சொல்ல வேண்டும்

பிறப்பைத் தெரிவிக்கும் கடமை யாருடையது என்று 1969 சட்டம் விரிவாகவே பேசுகிறது. வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர். மருத்துவமனையில் பிறந்தால் அதன் பொறுப்பு மருத்துவர் அல்லது அவர் நியமித்தவர். சிறையில் பிறந்தால் சிறைப் பொறுப்பாளர். சத்திரத்திலோ விடுதியிலோ பிறந்தால் அதை நடத்துபவர். ஓடும் பேருந்தில், ரயிலில் பிறந்தால் வண்டியின் பொறுப்பில் இருப்பவர், வண்டி முதலில் நிற்கும் இடத்தில். பொது இடத்தில் விடப்பட்ட பச்சைக் குழந்தை என்றால் கிராமத் தலைமை அலுவலர் அல்லது காவல் நிலையப் பொறுப்பாளர். தேயிலைத் தோட்டம் போன்ற இடங்களுக்கு 9ஆம் பிரிவில் தனி ஏற்பாடு: தோட்டக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும். நீலகிரியிலும் வால்பாறையிலும் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பு எழுதப்பட்டதா என்பது, அந்த நாளில் தோட்ட அலுவலகம் எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதைப் பொறுத்திருந்தது.

இன்றைய தமிழ்நாட்டில் இந்தப் பட்டியலில் இரண்டாவதைத் தவிர மற்றவை அரிதாகிவிட்டன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இம்மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. கருவுற்றதும் கிராம சுகாதாரச் செவிலியர் பதிந்து தரும் 12 இலக்க எண்ணை 2017 முதல் பிறப்புப் பதிவோடு சேர்த்துவிட்டார்கள். பிக்மி எண் என்று ஊரில் சொல்வது இதைத்தான். தனியார் மருத்துவமனைக்கே போகிறோம், அந்த எண் எதற்கு என்று அலட்சியமாக இருந்த தம்பதிகள் பிரசவ வார்டில் உட்கார்ந்துகொண்டு அதற்காக அலைமோதுவது இன்றும் நடக்கிறது. கருவுற்ற முதல் மாதங்களிலேயே வாங்கிவிடுவது நல்லது.

பிறந்த 21 நாளுக்குள் தெரிவித்தால் பதிவு இலவசம். முதல் சான்றிதழும் இலவசம். 2023 திருத்தத்தின்படி பதிந்த 7 நாளுக்குள் அது தகவல் தந்தவர் கைக்கு வந்துசேர வேண்டும், மின்னணு வடிவிலோ தாளாகவோ. மருத்துவமனை தெரிவித்த பிறப்புக்கு வீட்டார் மறுபடி போய்ப் பதியத் தேவையில்லை. ஆனால் மருத்துவமனை எழுதி அனுப்பும் படிவத்தை ஒருமுறை வாங்கிப் பார்த்தாக வேண்டும். பிற்காலத்தில் நீதிமன்றம்வரை போகும் பிழைகளில் பாதி இந்தத் தாளில் பிறக்கின்றன என்பது என் கணிப்பு.

அந்தப் படிவம் இரண்டு பகுதிகளாக இருக்கும். ஒரு பகுதி சட்டத் தகவல்: பிறந்த தேதி, பாலினம், குழந்தையின் பெயர், தந்தை தாய் பெயர், பிறந்த இடம், முகவரி, தகவல் தருபவர். பதிவேட்டுக்குப் போவது இதுதான். மற்றப் பகுதி புள்ளியியல் தகவல்: தாய் தந்தையின் படிப்பு, தொழில், மதம், திருமணத்தின்போது தாயின் வயது, இது எத்தனையாவது குழந்தை, பிரசவம் பார்த்தது யார், சுகப்பிரசவமா அறுவையா, குழந்தையின் எடை. இது எண்ணிக்கைக்காகப் பிரிந்து வேறு பக்கம் போய்விடும், சான்றிதழில் வராது. பிறப்புச் சான்றிதழில் சாதி இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்காது.

நிரப்புபவர் பெரும்பாலும் வார்டில் இருக்கும் ஊழியர். சொல்பவர் பிரசவ வலி ஆறாத தாய் அல்லது பதற்றத்தில் நிற்கும் மாமியார். சொல்லும் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருக்கும். தகப்பன் பெயர் ஆதாரில் 'முருகேசன்', இங்கே 'முருகேஷ்'. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஊழியரின் விருப்பம். தமிழ்நாட்டுச் சான்றிதழ் இரு மொழியிலும் இருப்பதால் தமிழில் சரியாகவும் ஆங்கிலத்தில் தவறாகவும் ஒரே தாளில் ஒரே மனிதருக்கு இரண்டு பெயர் வாய்த்துவிடுகிறது. முன்னெழுத்து இன்னொரு தொல்லை. நமக்கு 'செ. கயல்விழி' முழுப் பெயர். கடவுச்சீட்டுப் படிவம் குடும்பப் பெயர் எது, இயற்பெயர் எது என்று கேட்கிறது. தகப்பன் பெயரை விரித்து எழுதினால் பிறப்புச் சான்றிதழோடு ஒட்டுவதில்லை. வெளிநாட்டுத் தமிழர்களின் கோப்புகள் பல இந்த இடத்தில்தான் தேங்குகின்றன.

பெயர் இல்லாத குழந்தைகள்

பிறந்த அன்றே பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ காதில் பெயர் சொல்லித் தொட்டிலில் இட்ட பிறகுதான் குழந்தைக்குப் பெயர். முப்பதாம் நாள்வரை காத்திருந்தால் 21 நாள் கெடு அதற்குள் முடிந்துவிடும். சட்டம் இதை அறிந்தே வைத்திருக்கிறது: பெயரில்லாமல் பதியலாம், 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 15 ஆண்டு தாண்டினால் விதிப்படி கதவு மூடப்படும்.

நடைமுறையில் அந்தக் கதவை அரசே திறந்து திறந்து பிடித்திருக்கிறது. 2000ஆம் ஆண்டுக்கு முன் பதிவானவர்களுக்கு 15 ஆண்டு என்பதை 2000 ஜனவரி 1இலிருந்து எண்ணி 2014 முடிய அவகாசம் தந்தார்கள். பிறகு 2019 முடிய. பிறகு 2024 முடிய. ஒரு விதியை இத்தனை முறை நீட்டிக்க நேர்ந்தால் கோளாறு மக்களின் சோம்பலில் இல்லை, விதியில் இருக்கிறது. தன் பெயரைத் தன் பிறப்புப் பதிவில் சேர்க்க ஒருவருக்குக் காலக்கெடு எதற்கு என்பதற்கு எந்த ஆவணத்திலும் எனக்கு உருப்படியான விடை கிடைக்கவில்லை. ஏமாற்று நடக்கும் என்றால் ஆதாரம் கேட்கட்டும். நாளை எண்ணி என்ன பயன்?

ஜாதகம், பள்ளிக்கூடம், ஏடு

நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் பிறந்த தேதி கேட்டால் பலருக்கு இரண்டு தேதி உண்டு, சிலருக்கு மூன்று. இதில் பொய் இல்லை. மூன்று வெவ்வேறு கணக்குகள்.

ஜாதகக் கணக்கில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். புதன் இரவு கழிந்து அதிகாலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஜாதகம் தமிழ்த் தேதியையும் கிழமையையும் புதனாகவே எழுதும். மருத்துவமனை வியாழன் என்று எழுதும். இரண்டும் அவரவர் கணக்கில் சரி. குடும்பத்தில் கொண்டாடுவது நட்சத்திரத்தை என்பதால் இந்த ஒரு நாள் இடைவெளி யார் கண்ணிலும் படாமலே கிடக்கும். ஜாதகத்தை வைத்துப் பதிவேட்டில் தேடுகிறவர்கள் மறுநாள் பக்கத்தையும் பார்த்துவிடச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடக் கணக்கு வேறு. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று முதல் வகுப்பில் சேர்த்துக்கொண்ட காலம் இருந்தது. பிறந்த தேதி என்ற கட்டத்தை நிரப்ப வேண்டுமே. பள்ளி திறப்பது ஜூனில். தலைமையாசிரியர் வயது பொருந்தும்படி மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஒரே வகுப்பில் பாதிப்பேர் அடுத்தடுத்த நாள்களில் பிறந்த அதிசயம் அப்படி நிகழ்ந்தது. அந்தத் தேதி மாற்றுச் சான்றிதழுக்கும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்கும், வேலைக்கும், ஓய்வூதியத்துக்கும் போய்விட்டது. அரசுப் பணியில் சேர்ந்தவர் 5 ஆண்டுக்குள் கேட்டால்தான் பிறந்த தேதியைத் திருத்துவது பற்றிப் பேச்சே.

மூன்றும் மோதும்போது எது நிற்கும்? நீதிமன்றங்கள் ஒரே பதில் சொல்லவில்லை. பள்ளிப் பதிவேட்டில் உள்ள தேதி எந்த ஆதாரத்தில் எழுதப்பட்டது என்று காட்டாவிட்டால் அதற்குச் சான்று மதிப்பு குறைவு என்று 1988இல் பிரத் மல் சிங்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மறுபக்கம், 2015ஆம் ஆண்டு இளையோர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு வயதை முடிவு செய்யப் பள்ளிச் சான்றை முதலிலும், உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழை அதற்கு அடுத்தும் வைத்தது. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதாரைப் பொறுத்தவரை குழப்பம் தீர்ந்துவிட்டது: அது பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று ஆதார் ஆணையமே 2023 டிசம்பரில் சொல்லியது, 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஆதாரை ஒதுக்கிப் பள்ளிச் சான்றை ஏற்றது.

திருத்தமும் தாமதப் பதிவும்

பதிவேட்டில் பிழை இருந்தால் அதை அழித்து எழுதக் கூடாது. 15ஆம் பிரிவு இதில் கறார்: மூல வரி அப்படியே இருக்கும், ஓரத்தில் சரியான விவரத்தை எழுதி, பதிவாளர் கையெழுத்திட்டுத் தேதி போட வேண்டும். எழுத்துப் பிழை என்றால் ஆதாரங்களைப் பார்த்துப் பதிவாளர் திருத்தலாம். பிறந்த தேதி போன்ற அடிப்படை விவரம் தவறு என்றால் நடந்ததை அறிந்த இரண்டு நம்பகமானவர்களின் உறுதிமொழி வேண்டும். இங்கே பலர் செய்வது, பள்ளிச் சான்றுக்கு ஏற்பப் பிறப்புச் சான்றிதழை மாற்றக் கேட்பது. பதிவாளர் மறுப்பார், மறுப்பது சரி. பிறந்த அன்று மருத்துவமனை எழுதிய தேதியைப் பின்னால் வந்த தலைமையாசிரியரின் தேதிக்காக வளைக்க முடியாது. திருத்த வேண்டியது பள்ளி ஆவணத்தை.

தனித்து வாழும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. தந்தை பெயரைச் சொல்லும்படி அலுவலர் வற்புறுத்த முடியாது. மணமாகாத தாயோ தனித்த பெற்றோரோ கேட்டால் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தை மட்டும் பெற்றுக்கொண்டு பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 6இல் தீர்ப்பளித்தது. கவுன்டரில் மறுத்தால் இந்தத் தீர்ப்பைச் சொல்லலாம்.

பதிவே இல்லாதவர்களின் பாதை நீளம். 21 நாள் தாண்டி 30 நாளுக்குள் என்றால் சிறு தாமதக் கட்டணத்தோடு முடிந்துவிடும். 30 நாளிலிருந்து ஓராண்டுவரை மாவட்டப் பதிவாளர் போன்ற உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இங்கே 2023 திருத்தம் நல்லதொரு காரியம் செய்தது: நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் என்பதை நீக்கி, தானே கையொப்பமிட்ட ஆவணம் போதும் என்றது. வட்டாட்சியர் அலுவலக வாசலில் முத்திரைத்தாளோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதில் நட்டம், மக்களுக்கு லாபம்.

ஓராண்டைத் தாண்டினால் நிர்வாக நடுவரின் ஆணை வேண்டும். 1969 சட்டம் இந்த அதிகாரத்தை முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடம் வைத்திருந்தது. இப்போது மாவட்ட ஆட்சியர், உட்கோட்ட நடுவர், ஆட்சியர் அதிகாரமளித்த நிர்வாக நடுவர் ஆகியோரில் ஒருவர். தமிழ்நாட்டுப் பேச்சில் சொன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸ். பதிவின்மைச் சான்று, தடுப்பூசி அட்டை, மருத்துவமனைச் சீட்டு, பள்ளி ஆவணம், பெற்றோரின் அடையாளச் சான்றுகள் என்று கட்டாகச் சேர்த்து மனு கொடுக்க வேண்டும். மனு அங்கிருந்து வட்டாட்சியருக்கும் வருவாய் ஆய்வாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் இறங்கி, விசாரணை அறிக்கையோடு மேலே ஏறி, ஆணையாக வெளிவரும். அந்த ஆணையைக் கொண்டுபோய்ப் பிறந்த இடத்துப் பதிவாளரிடம் கொடுத்த பிறகுதான் வரி எழுதப்படும். நீதிமன்றத்தைவிட இது சுலபம் என்பது உண்மை. ஆனால் 60 வயது கடந்தவருக்கு அவர் பிறப்பை நேரில் அறிந்த சாட்சி எங்கிருந்து வருவார்?

அலுவலர் மறுத்தால் அத்தோடு விட வேண்டியதில்லை. திருத்தச் சட்டம் முதன்முறையாக மேல்முறையீட்டை எழுதிவைத்திருக்கிறது. பதிவாளரின் முடிவுக்கு எதிராக மாவட்டப் பதிவாளரிடமும், மாவட்டப் பதிவாளரின் முடிவுக்கு எதிராகத் தலைமைப் பதிவாளரிடமும் 30 நாளுக்குள் முறையிடலாம். 90 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். எழுத்தில் மறுப்பு வாங்கியிருந்தால்தான் இதைப் பயன்படுத்த முடியும்.

ஒரே சான்று

2023 அக்டோபர் 1. அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அந்த நாளிலும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டப் பிறப்புச் சான்றிதழே ஆவணம். கல்வி நிலையத்தில் சேர, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, கடவுச்சீட்டு, ஆதார் எல்லாவற்றுக்கும். வேறெந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் இதுவே செல்லும் என்ற வாசகத்தோடு. 2025 பிப்ரவரியில் கடவுச்சீட்டு விதிகளும் இதற்கேற்ப மாற்றப்பட்டன.

இந்தச் சோதனையை நாம் ஒருமுறை செய்து பார்த்தாயிற்று. 1989 ஜனவரி 26 அன்றும் அதன் பின்னும் பிறந்தவர்கள் கடவுச்சீட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே காட்ட வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் அதைத் தளர்த்தி மாற்றுச் சான்றிதழ், பான், ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம்வரை ஏற்றுக்கொண்டது. சான்றிதழ் இல்லாத இளைஞர்கள் அவ்வளவு பேர் இருந்தார்கள். கைவிட்ட விதி இப்போது கடவுச்சீட்டைத் தாண்டி வாழ்க்கையின் எல்லா வாசலுக்கும் விரிந்து திரும்பியிருக்கிறது.

நிலைமை அன்றைக்கு இன்று மேல் என்பதில் சந்தேகமில்லை. இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பிறப்பு பதிவானவர்கள் 2015-16இல் 80 சதவீதம், 2019-21இல் 89. நூற்றுக்குப் பதினொன்று என்பது சின்ன எண் போலத் தோன்றும். நம் மக்கள்தொகையில் அது கோடியைத் தாண்டும். தமிழ்நாட்டில் பதிவு ஏறத்தாழ முழுமை என்று நாம் நிம்மதி கொள்ளலாம், நம் செங்கல் சூளைகளையும் கட்டடப் பணியிடங்களையும் பார்க்காதவரை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் பிள்ளை பெற்று, சூளை முடிந்ததும் ஊர் மாறும் குடும்பத்துக்கு 21 நாள் கெடு யார் சொல்வது? அந்தக் குழந்தையின் வரி செங்கல்பட்டிலோ திருவள்ளூரிலோதான் எழுதப்பட முடியும். ஒடிசாவில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. தாய்வீட்டுப் பிரசவச் சிக்கலின் பெரிய வடிவம் இது.

வரிக்கு எவ்வளவு எடை என்பதை மண்டபம் அகதி முகாமில் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கு காட்டியது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1986இல் பிறந்தவர். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் எந்நாட்டவரானாலும், பிறப்பால் குடிமக்கள் என்பது குடியுரிமைச் சட்டம். மண்டபத்தில் பிறந்ததைக் காட்டும் சான்றிதழ் அவரிடம் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் அவருக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொன்னது. பிறப்புச் சான்றிதழ் தன்னளவில் குடியுரிமைச் சான்று அல்ல. அது தேதியையும் இடத்தையும் மட்டுமே சொல்கிறது. ஆனால் அவ்விரண்டும் தெரியாமல் குடியுரிமைச் சட்டத்தின் எந்தப் பிரிவையும் ஒருவருக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. அதே முகாமில் பிறந்து சான்றிதழ் இல்லாதவர், சட்டம் தன் பக்கம் இருந்தும் அதை நிறுவ வழியற்றவர். 2025இல் பீகாரில் தொடங்கித் தமிழ்நாட்டுக்கும் வந்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் கேட்கப்பட்ட ஆவணங்களிலும் பிறப்புச் சான்றிதழ் உண்டு.

பதிவாகாத பிறப்புக்குத் தண்டம் விதிப்பது தீர்வாகாது. திருத்தச் சட்டம் அபராதத்தை ஐந்து மடங்காக்கி 250 ரூபாயாகவும் நிறுவனங்களுக்கு 1,000 ரூபாயாகவும் உயர்த்தியது. பெற்றோர் செய்த தவறுக்குக் குழந்தை பள்ளியை இழப்பதுதான் உண்மையான தண்டம். இங்கே ஒரு பிடி இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. 2023 திருத்தம் அதை ரத்து செய்துவிட்டதாகச் சிலர் வாசிக்கக்கூடும். அப்படி வாசிக்கத் தேவையில்லை. எதைக் கொண்டு வயதை நிறுவ வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்கிறது. நிறுவ எதுவும் இல்லாத குழந்தையையும் சேர்த்துக்கொள் என்று இன்னொன்று சொல்கிறது. இரண்டும் சேர்ந்தே நிற்க முடியும்.

2023 அக்டோபரில் பிறந்த குழந்தைகள் ஐந்து வயது நிரம்பி முதல் வகுப்புக்கு வருவது 2029 ஜூனில். சான்றிதழ் இல்லாமல் வரும் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, தாமதப் பதிவுக்கான மனுவைப் பள்ளியே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பள்ளிக்கல்வித் துறை அதற்குள் ஒரு சுற்றறிக்கை பிறப்பிக்க வேண்டும்.